நாலந்தாவில் ஆசிரியரும் மாணாக்கரும்

ஆயிரக்கணக்கானோர் ஒருங்கு பயிலும் பெரிய சர்வகலாசாலை ஒன்றிலே மாணாக்கன் ஒருவன் தன் ஆசிரியரை அறிந்துகொள்வது எங்ஙனம்? ஆசிரியர் அவனை அறிந்துகொள்வதுதான் எங்ஙனம்? இவ்வினா எனக்கு ஏட்டிலே எழுந்ததன்று. முந்நூறு பேர் நெருங்கியிருந்த விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையிலே நான்கு ஆண்டுகளைக் கழித்தவன் நான். இறுதித் தேர்வும் முடிந்து, நற்சான்றுக் கடிதம் வேண்டிப் பேராசிரியர் ஒருவரின் அறைக்குச் சென்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டு, "தம்பி, உம்முடைய பெயர் என்ன?" என்று அன்போடுதான் கேட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. முந்நூறு முகங்களை நெஞ்சில் இருத்துவது எவர்க்கும் அரிது. நானும் அந்நான்கு ஆண்டுகளில் ஒரு நாளாவது அவ்வறைக் கதவைத் தட்டியவனல்லன். ஆயினும் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு படியிறங்கியபோது, சர்வகலாசாலை பெருகப் பெருக இவ்வுறவு சிறுத்துத்தான் போகவேண்டுமோ என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

இதற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் பொலோஞாவுக்கும் பாரிசுக்கும் ஒக்ஸ்போர்ட்டுக்கும் செல்வர். அவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு முற்பட்ட ஓரிடத்தை ஈண்டு நோக்குவோம். பீகார் மாநிலத்திலே, பழைய இராசகிருகத்துக்கு அண்மையில், செங்கல் இடிபாடாய்க் கிடக்கும் நாலந்தாவே அது. கி. பி. 5-ஆம் நூற்றாண்டிலே குப்த மன்னன் முதலாம் குமாரகுப்தன் காலத்தில் தோன்றி, 12-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தழைத்த பௌத்த மகாவிகாரை அது. விகாரை எனினும், அங்கே புத்தருடைய நூல்கள் மட்டுமே ஓதப்பட்டன என்று எண்ணுதல் தவறு. வேதமும் சாங்கியமும் தருக்கமும் இலக்கணமும் மருத்துவமும் அங்கே பயிலப்பட்டன. 1861-62-இல் கன்னிங்காம் அவ்விடத்தை இனங்கண்டார். 1915 முதல் 1937 வரை நிகழ்ந்த அகழ்வுகளால் பதினொரு விகாரைக் கட்டடங்களும் ஆறு செங்கற் கோயில்களும் வெளிப்பட்டன. 2016-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

அவ்விடிபாடுகளின் அமைப்பிலேயே நம் வினாவுக்கு ஒரு குறிப்பு உண்டு. ஒவ்வொரு விகாரையும் நாற்சார் வீடு போன்றது. வெளிச்சுவருக்கு ஒரே வாயில். உள்ளே திறந்த முற்றம், முற்றத்திலே கிணறு, சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை நோக்கியபடி வரிசையாகச் சிற்றறைகள், சுவர்களிலே மாடங்கள். அறையை விட்டு வெளியே வருபவன் எதிர் அறையில் இருப்பவனுடைய முகத்திலே விழிக்காமல் இருக்க இயலாது. நீர் மொள்ளும் இடமும் ஒன்று, வெளியேறும் வாயிலும் ஒன்று. பெரிய நாலந்தா என்பது இத்தகைய சிறு வீடுகள் பலவற்றின் தொகுதியே.

எத்துணைப் பெரியது? சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதிய அவருடைய மாணாக்கர் ஹுயிலி, அங்கே 10,000 துறவியர் வாழ்ந்தனர் என்பர். அதற்குச் சில பத்தாண்டுகளின் பின்னே அங்கு தங்கிய இத்சிங் என்னும் மற்றொரு சீனத் துறவி, 3,000-க்கு மேற்பட்டோர் என்றும், எட்டுப் பெருமனைகளும் 300 அறைகளும் இருந்தன என்றும் எழுதினர். ஹுயிலி நாலந்தாவைக் கண்ணாற் கண்டவரல்லர். தம் குருவின் பெருமையைப் பாடவந்தவர் கணக்கிலே சிறிது கைதாராளமாக இருத்தல் இயல்பே. அறைகளை எண்ணியவரின் சொல்லையே நான் கொள்கிறேன். மூவாயிரம் என்றாலும் அது பேரூர்தான்.

அப்பேரூருக்குள் நுழைதல் எளிதன்று. வாதம் செய்யவும் கற்கவும் விரும்பிப் பிற தேசங்களிலிருந்து வருவோரை வாயிற் காவலர் முதலில் வினாக்களால் சோதிப்பர் என்றும், பதின்மர் வந்தால் எழுவரோ எண்மரோ விடை கூறமாட்டாது திரும்பிப் போவர் என்றும் யுவான் சுவாங் எழுதுகிறார். நாலந்தாவில் படித்ததாகப் பொய் சொல்லித் திரிந்தவர்க்கும் ஊர்தோறும் மரியாதை கிடைத்தது என்று அவர் கூறுவது, பட்டத்தின் மதிப்பும் போலிப் பட்டத்தின் மதிப்பும் உடன்பிறந்தவை என்பதற்குப் பழஞ்சான்று.

யுவான் சுவாங் நாலந்தாவை அடைந்தது ஏறக்குறைய 637-ஆம் ஆண்டு. அப்போது அவர்க்கு வயது முப்பத்தைந்தளவில் இருக்கும். அவருடைய புகழ் அவருக்கு முன்னே சென்றிருந்தமையால் வாயிற்சோதனை இல்லை. கொடியும் குடையும் நறும்புகையும் ஏந்தி நூற்றுக்கணக்கானோர் எதிர்கொண்டனர். மணி அடிக்கப்பட்டது. இவ்வதிதி இங்கு தங்கும் வரையில் துறவியர்க்குரிய பொருள்கள் யாவும் இவர்க்கும் உரியன என்று சபையிலே அறிவிக்கப்பட்டது. பின்னர், மிக்க முதுமையும் மிக்க இளமையும் இல்லாத இருபது பேரைத் தெரிந்து, அவர்களுடன் அவரைத் தலைவரிடம் அனுப்பினர்.

அத்தலைவரே சீலபத்திரர். சமதடம் எனப்பட்ட கிழக்கு வங்கத்து அரச குடும்பத்திலே பிறந்த பிராமணர். அவருடைய பெயரை வாயாற் சொல்லுதல் மரியாதையன்று என்று எவரும் சொல்லாது, 'நல்லறக் களஞ்சியம்' என்ற பொருள்படும் சிறப்புப் பெயராலேயே அவரைச் சுட்டினர். வயது 106 என்பது ஹுயிலியின் கணக்கு. யுவான் சுவாங் முழங்காலாலும் முழங்கையாலும் தவழ்ந்து சென்று அவருடைய பாதங்களை வணங்கினார். எங்கிருந்து வருகிறீர் என்று கிழவர் வினவினார். சீன தேசத்திலிருந்து, தங்களிடம் யோகாசார பூமி சாத்திரத்தைப் பாடங்கேட்க வந்தேன் என்று அவர் விடையிறுத்தார். அதைக் கேட்டுக் கிழவர் அழுதார்.

அழுதமைக்குக் காரணத்தை அவர் தாமே கூறவில்லை. எழுபது வயதைக் கடந்த தம் மருமகர் புத்தபத்திரரை அழைத்து, நடந்ததைச் சொல்லும்படி பணித்தார். பல ஆண்டுகளாக ஆசிரியரைத் தீராத நோவு ஒன்று வருத்தி வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அது பொறுக்க முடியாததாகி, உணவை நிறுத்தி உயிர்விடத் துணிந்தார். அன்றிரவு கனவிலே மூவர் தோன்றி, சீனத்துத் துறவி ஒருவர் உம்மிடம் கற்க வருவார், அவர்க்குக் கற்பிக்கும்வரை பொறுத்திரும் என்று கூறி மறைந்தனர். கனவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். வரலாற்று மாணாக்கன் கவனிக்கத்தக்கது வேறொன்று. நூறு வயதைக் கடந்த தலைவர் ஒருவர், அன்று வந்த அந்நியன் முன்னே, தாம் சாக விரும்பியதை மறையாது வெளியிட்டார். மாணாக்கன் ஆசிரியரின் புலமையை அறியும் முன்னரே அவருடைய நோவை அறிந்துகொண்டான். நம் காலத்து முதல்நாள் வரவேற்பு வைபவங்களில் நான் கண்டதெல்லாம் ஒலிபெருக்கியும் பூச்செண்டுமே.

யுவான் சுவாங்குக்கு முதலில் தரப்பட்ட இருப்பிடம் புத்தபத்திரருடைய மனையின் நாலாம் மேல்மாடி. ஏழு நாள் விருந்துக்குப் பின்னரே தனி இல்லம் ஒன்று கிடைத்தது. நாள்தோறும் 20 கொட்டைப்பாக்கும் 20 சாதிக்காயும் கற்பூரமும், மகதத்தில் மட்டும் விளைந்த மகாசாலி என்னும் மணமுள்ள அரிசியும் அவர்க்கு அளக்கப்பட்டன. பாக்கில்லாத உபசாரம் உபசாரமாகாது என்பது யாழ்ப்பாணத்தார்க்கு மட்டும் உரிய கொள்கையன்று போலும்! பணிசெய்ய ஆட்களும் ஏறிச்செல்ல யானையும் உண்டு. ஆனால் இத்தகைய சிறப்பு அவரோடு சேர்த்துப் பத்துப்பேருக்கே கிடைத்தது என்று ஹுயிலியே கூறுகிறார். ஆகவே, இவர் கதையைக் கொண்டு நாலந்தாவின் எல்லா மாணாக்கரும் இப்படித்தான் வாழ்ந்தனர் என்று முடிவுகட்டலாகாது. சாதாரண மாணாக்கனுடைய நாளை அறிய இத்சிங்கிடம் செல்லவேண்டும். அங்கே பின்னர் வருவோம்.

சீலபத்திரர் யோகாசார பூமி சாத்திரத்தை விரித்துரைக்கத் தொடங்கியபோது பல்லாயிரவர் கேட்டனர் என்பர். தொடக்க நாளிலே மண்டபத்துக்கு வெளியே ஒரு பிராமணர் ஓவென்று அழுதார், அழுகையினிடையே சிரித்தார். ஆளனுப்பிக் காரணம் கேட்டனர். கிழக்கு நாட்டவனாகிய நான் அரசனாக வேண்டுமென்று தெய்வத்தை வேண்டினேன். அந்த ஆசையை விடு, இன்ன ஆண்டு இன்ன நாளிலே சீலபத்திரர் சீனத் துறவிக்காக இச்சாத்திரத்தை உரைப்பார், போய்க் கேள் என்று தெய்வம் சொல்லிற்று. இன்று இரண்டையும் கண்டேன், அதனால் அழுதேன், சிரித்தேன் என்றார் அவர். சீலபத்திரர் அவரையும் உள்ளே இருத்திக்கொண்டார். விரிவுரை முடியப் பதினைந்து மாதங்கள் சென்றன. முடிந்தபின் அப்பிராமணரை ஹர்ஷ மன்னரிடம் ஓர் ஆளோடு அனுப்பிவைக்க, மன்னர் மூன்று ஊர்களை அவர்க்கு அளித்தார். கூட்டத்துக்கு வெளியே நின்று அழுத ஒருவரை ஆசிரியர் பதினைந்து மாதத்தின் பின்னும் மறந்தாரில்லை.

யுவான் சுவாங் அதே சாத்திரத்தை நாலந்தாவிலே மூன்று முறை கேட்டார். ஒரு நூலை மும்முறை பாடங்கேட்பது நம் மாணாக்கர்க்கு வியப்பாகத் தோன்றும்.  

பின்னர் அவர் தெற்கு நோக்கிப் பயணமாகி, 640-ஆம் ஆண்டளவில் காஞ்சிபுரத்தை அடைந்தார். அவ்வூருக்கு அவர் சென்றதில் ஒரு பொருத்தம் உண்டு. சீலபத்திரருக்கு நாலந்தாவிலே ஆசிரியராயிருந்த தருமபாலர் காஞ்சியிலே ஓர் அமைச்சரின் மகனாய்ப் பிறந்தவர். தமிழகத்தவராகிய அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. தென்னாட்டு வாதி ஒருவர் மகதத்துக்கு வந்து தருமபாலரை வாதுக்கு அழைத்தார். அவர் புறப்பட ஆயத்தமானபோது, அக்காலத்தில் முப்பது வயதே நிரம்பிய சீலபத்திரர், நான் போய் வாதிட அனுமதி தாருங்கள் என்று வேண்டினார். இவ்விளைஞனா என்று மற்றவர்கள் ஐயுற்றனர். அறிவை அளக்க வயதை எண்ண வேண்டா என்று தருமபாலர் அவரையே அனுப்பினார். சீலபத்திரர் வென்றார். அரசன் பரிசாகத் தந்த ஊரை முதலில் மறுத்துப் பின் ஏற்று, அதன் வருவாயால் ஒரு விகாரை எழுப்பினார். மாணாக்கரை நன்கறிந்த ஆசிரியர் ஒருவர் அன்று இல்லையாயின், பிற்காலத்து நல்லறக் களஞ்சியமும் இல்லை.

காஞ்சியிலிருந்து ஈழத்துக்குக் கப்பலேறவே யுவான் சுவாங் எண்ணியிருந்தார். ஆனால் அதற்கு முன்னரே ஈழத்துத் துறவியர் முந்நூறு பேர் அங்கே வந்து சேர்ந்தனர். அரசர் இறந்தார், நாட்டிலே பஞ்சம், ஆதலால் கடல் கடந்தோம் என்றனர். போதிமேகேசுவரர், அபயதம்ஷ்டிரர் என்னும் இருவர் அவர்களுள் மூத்தோர். யோக சாத்திரத்திலே தமக்குக் கடினமாயிருந்த பகுதிகளை யுவான் சுவாங் அவர்களிடம் வினவினார். அவர்கள் கூறிய விளக்கம் சீலபத்திரர் கூறியதற்கு மேற்செல்லவில்லை. அவர் ஈழத்துக்கு வராமலே திரும்பினார். ஏமாற்றம் நமக்கே! அவர் வந்திருந்தால் அநுராதபுரத்தைப் பற்றி நேரிற் கண்ட சாட்சி ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். ஆசிரியரைக் கேள்வியால் அளந்து பார்க்கும் துணிவு அவரிடம் இருந்தது என்பதும் இந்நிகழ்ச்சியாற் புலப்படும். பஞ்சத்தால் நாடுவிட்டு வந்தோரிடமும் முதற்கேள்வி சாத்திரக் கேள்வியாயிருந்தது சற்றுக் கொடிதே.

நாலந்தாவுக்கு அவர் மீண்டபோது உறவு வேறு நிலையை அடைந்திருந்தது. சிங்கரச்மி என்னும் மூத்த ஆசிரியர் மாத்தியமிகக் கொள்கையை விரித்துரைத்து யோகாசாரத்தை மறுத்துக்கொண்டிருந்தார். சீலபத்திரர் அதைத் தடுக்கவில்லை. யுவான் சுவாங்கை விரிவுரை பீடத்தில் ஏற்றினார். நேற்றைய மாணாக்கர் இன்று அதே சபையிலே ஆசிரியர். இரு கொள்கைகளும் தம்முள் முரண்படா என்று காட்டி 3,000 சுலோகங்களில் அவர் ஒரு நூல் இயற்ற, சீலபத்திரர் அதைச் சபையார்க்குக் காட்டினார். அந்நூல் இன்று கிடைத்திலது.

இதனினும் என் மனத்தைக் கவர்ந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. லோகாயதப் பிராமணர் ஒருவர் நாற்பது கொள்கைகளை எழுதி நாலந்தாவின் வாயிலிலே தொங்கவிட்டு, இவற்றுள் ஒன்றை மறுப்பவர்க்கு என் தலையைத் தருவேன் என்றார். பல நாள் எவரும் முன்வரவில்லை. யுவான் சுவாங் பணியாளை அனுப்பி அவ்வோலையைக் கிழித்தெறியச் செய்தார். சீலபத்திரர் முன்னிலையில் வாதம் நடந்தது. பிராமணர் வாயடைத்து, சொன்னபடி தலையைத் தர நின்றார். தலை வேண்டா, எனக்குப் பணியாளாய் இரும் என்றார் யுவான் சுவாங்.

அப்பால் நிகழ்ந்ததே சுவையானது. மகாயானத்தைக் கண்டித்துத் தென்னாட்டு அறிஞர் ஒருவர் 700 சுலோகங்களில் எழுதிய நூலுக்கு யுவான் சுவாங் மறுப்புரை எழுதவேண்டியிருந்தது. நூலைப் பெற்றுப் படித்தார்; சில இடங்கள் விளங்கவில்லை. பணியாளரை நோக்கி, இந்நூலை நீர் பாடங்கேட்டதுண்டா என்றார். ஐந்து முறை கேட்டிருக்கிறேன் என்றார் அவர். அப்படியானால் எனக்குச் சொல்லும் என்றார் யுவான் சுவாங். அடிமையாகிய நான் தங்களுக்குக் கற்பிப்பதா என்று அவர் நடுங்கினார். நான் அறியாத நூல் இது, கூச்சம் வேண்டா என்று இவர் வற்புறுத்தினார். பகலில் நடந்தால், அடிமையிடம் பாடங்கேட்டார் என்று பிறர் தங்களை இகழ்வர் என்றார் பணியாளர். ஆகவே எல்லோரையும் அனுப்பிவிட்டு, இரவிலே தனித்திருந்து நூல் முழுவதையும் அவரிடம் ஒருமுறை கேட்டார் யுவான் சுவாங். அதன் பயனாக 1,600 சுலோகங்களில் மறுப்புரை உருவாயிற்று. பிராமணரை விடுதலை செய்து, விரும்பிய இடம் செல்க என்றார். மகிழ்ந்த அவர் காமரூபம் சென்று, அந்நாட்டு மன்னன் பாஸ்கரவர்மனிடம் இவருடைய பெருமையை எடுத்துரைக்க, மன்னன் இவரை அழைத்து ஓலைமேல் ஓலை விடுத்தான்.

இரவிலே நடந்த அப்பாடத்தை நினைக்குந்தோறும் எனக்கு இரண்டு உணர்ச்சிகள் எழுகின்றன. கற்றுக்கொள்ளும் ஆசை பெருமையை வென்றது என்ற மகிழ்ச்சி ஒன்று. அது பகலிலே வெல்ல முடியவில்லையே என்ற வருத்தம் மற்றொன்று.

திரும்பிச் செல்ல அவர் எண்ணியபோது நாலந்தாவார் தடுத்தனர். இந்தியா புத்தர் பிறந்த பூமி, சீனம் தூரதேசம், ஏன் போகிறீர் என்றனர். சீலபத்திரர் உள்ளக்கருத்தை வினவினார். கேட்டவற்றை என் நாட்டவர்க்கு மொழிபெயர்த்துத் தருவதே தங்களுக்கு நான் செய்யும் கைம்மாறு என்றார் மாணாக்கர். நானும் அதையே விரும்பினேன் என்று கூறி, அவரை எவரும் மறிக்கலாகாது என்று ஆசிரியர் விடை கொடுத்தார். 645-இல் யுவான் சுவாங் சீனத் தலைநகரை அடைந்தார். 646 முதல் 648 வரை உழைத்து, மும்முறை பாடங்கேட்ட அச்சாத்திரத்தை நூறு பகுதிகளாக மொழிபெயர்த்து முடித்தார்.

652-ஆம் ஆண்டு சீலபத்திரரின் முதன்மாணாக்கர் ஞானப்பிரபரும், பிரஞ்ஞாதேவர் என்னும் மற்றொரு துறவியும் அனுப்பிய கடிதம் சீனத்தை வந்தடைந்தது. கடிதத்தோடு வெண்ணிறப் பருத்தித் துணி இரண்டு சுருள். உம்மை மறந்திலோம், வழி நெடியதாதலால் காணிக்கை சிறிதாயிற்று என்பது அதன் கருத்து. பிரஞ்ஞாதேவர் முன்னொரு காலத்திலே கன்னோசியில் யுவான் சுவாங்கோடு வாதிட்டுத் தோற்றவர். தோற்றவரும் துணி அனுப்பினார்! 654-இல் யுவான் சுவாங் மறுமொழி எழுதினார். இந்தியாவிலிருந்து வந்த தூதர் ஒருவர் வாயிலாகச் சீலபத்திரர் மறைந்தார் என்று கேள்வியுற்றதையும், அதனால் தாம் அடைந்த துயரையும் அதிலே தெரிவித்தார். சிந்து நதியைக் கடக்கையில் வெள்ளத்திற் போன நூல்களின் பட்டியலை இணைத்து, வசதிப்படும்போது அனுப்பிவைக்குமாறு வேண்டினார். துயரமும் நூற்பட்டியலும் ஒரே கடிதத்தில்! கல்வியாலாகிய நட்பு அப்படித்தான் எழுதும்.

இனி இத்சிங்கிடம் வருவோம். அவர் 671-இல் சீனத்தை விட்டுக் கடல்வழியாக வந்து, நாலந்தாவிலே ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கற்றார். யானையும் மகாசாலி அரிசியும் பற்றி அவர் பேசுவதில்லை. குளியல், பல்லுக்குச்சி, நீர்க்கடிகாரம், துணி மடித்தல் முதலியன பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார். அதனாலேயே அவர் எனக்கு நெருங்கியவராய்த் தோன்றுகிறார்.

அவர் காட்டும் மாணாக்கனுடைய நாள் இது. விடியலில் ஆசிரியர்க்குப் பல்லுக்குச்சியும் நீரும் துவாலையும் எடுத்து வைப்பான். இரவின் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் ஆசிரியரிடம் செல்வான். ஆசிரியர் அவனை இருக்கச் சொல்லி, சாத்திரத்திலிருந்து அவனுக்கு ஏற்ற ஒரு பகுதியைத் தெரிந்து பாடஞ் சொல்வார். ஐயத்தை விடாது தீர்ப்பார். ஒழுக்கத்தில் தவறு கண்டால் திருத்துவார். அவன் ஆசிரியருடைய உடலைப் பிடித்துவிடுவான், ஆடையை மடிப்பான், சில வேளை அறையையும் முற்றத்தையும் பெருக்குவான், குடிநீரிலே பூச்சி உண்டா என்று பார்த்துக் கொடுப்பான். மாணாக்கன் நோயுற்றாலோ, ஆசிரியரே மருந்து கொடுத்துத் தம் பிள்ளையைப் போலக் காப்பார். விநய நூலிலே ஐந்து ஆண்டுகள் தேர்ச்சி பெற்ற பின்னரே ஆசிரியரைப் பிரிந்து வாழலாம். பிரிந்து எங்கு சென்றாலும் அங்குள்ள ஓர் ஆசிரியரின் ஆதரவில் இருத்தல் வேண்டும். பத்து ஆண்டுகளின் பின்னரே அக்கட்டுத் தீரும்.

ஆக, மூவாயிரவர் நடுவே எவனும் ஆசிரியரில்லாமல் தனித்து நின்றிலன். விரிவுரை நூறு பீடங்களில் நாள்தோறும் நிகழ்ந்தது. ஆனால் ஆசிரியரை அறிந்தது விரிவுரையிலன்று, இரு யாமங்களிலும் அந்த அறையிலே.

நாலந்தாவின் பெருக்கத்தால் விளைந்த இடர்ப்பாட்டையும் இத்சிங் மறைத்தாரல்லர். எல்லோரும் ஓரிடத்திலே கூடி மாலை வழிபாடு செய்ய இடம் போதவில்லை. என்ன செய்தனர்? இன்னும் பெரிய மண்டபம் கட்டினரில்லை. துதி பாடுவார் ஒருவர், முன்னே சிறுவர்கள் நறும்புகையும் மலரும் ஏந்திச் செல்ல, ஒவ்வொரு மனையாகச் சென்று பாடி வந்தார். ஆளைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பாட்டை அனுப்பினர். அறைகளும் ஆண்டுதோறும் மழைக்கால வாசத்துக்கு முன்னர் சபையாரால் மீளப் பங்கிடப்பட்டன. மூத்தோர்க்கு நல்ல அறை முதலில்.

இவ்வாழ்வுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். யுவான் சுவாங் காலத்தில் நூறு ஊர்களும், இத்சிங் காலத்தில் இருநூறுக்கு மேற்பட்ட ஊர்களும் நாலந்தாவுக்கு மானியமாயிருந்தன. மாணாக்கன் சோற்றுக்கு அலையாது படித்தான் என்றால், எங்கோ ஓர் உழவன் அரிசியும் பாலும் வெண்ணெயும் அளந்தான். அவ்வுழவனின் மகன் அவ்வாயிலைத் தாண்டினானா என்பதற்கு இந்நூல்களிலே விடையில்லை. துறவு பூணும் எண்ணமின்றி உலகியல் நூல்களைக் கற்க வந்த இளைஞர் சங்கத்துச் சொத்திலிருந்து உண்ணலாகாது, சொந்தச் செலவிலேயே இருக்கவேண்டும் என்பது விதி. இவ்விரு யாத்திரிகரின் குறிப்புகளிலும் நாலந்தாவிலே பயின்ற பெண் ஒருத்தியின் பெயர் இல்லை. பழம்பெருமை பேசுவோர் இவற்றையும் சேர்த்துப் பேசுவாராக.

மேலும், கால் பிடித்துவிடும் வழக்கத்தை இன்று மீட்கவேண்டும் என்று நான் கூறவரவில்லை. அத்தகைய நெருக்கத்திலே அடிமைத்தனமும் முகத்துதியும் புகுதல் எளிது. இத்சிங்கின் விதிகள் ஆசிரியரையும் கட்டுப்படுத்தின என்பதே கவனிக்கத்தக்கது. சங்கத்தாரின் சம்மதமின்றித் தன் விருப்பப்படி ஒரு காரியத்தைச் செய்த துறவி, எத்துணைப் பெரியவராயினும், வெளியேற்றப்பட்டார். இத்சிங் தம் நூலிலே, தாம் அருகிருந்து பாடங்கேட்ட ஆசிரியர்களுடைய பெயர்களை நன்றியோடு எழுதிவைத்துள்ளார். நாலந்தாவின் இரத்தினசிங்கரும், ஸ்ரீவிஜயத்துச் சாக்கியகீர்த்தியும் அவர்களுள் அடங்குவர். அவர்களோடு நெருங்கிப் பழகும் பேறு பெற்றதையே தம் பயணத்தின் பெரும்பயனாக அவர் கருதினார்.

12-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மகதத்திலே துருக்கியப் படைகளின் தாக்குதல்கள் நிகழ்ந்தன. அருகிலிருந்த ஓதந்தபுரி விகாரை படைத்தளமாயிற்று. நாலந்தாவும் பாழ்பட்டது. ஆனால் ஒரே நாளில் அதன் கதை முடிந்துவிடவில்லை. 1234 முதல் 1236 வரை இந்தியாவிலே தங்கிய தர்மசுவாமி என்னும் திபெத்தியத் துறவி அங்கே கண்டதைச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான கட்டடங்கள் சிதைந்து, இரண்டே விகாரைகள் குடியிருக்கத் தக்கனவாக எஞ்சியிருந்தன. தொண்ணூறு வயதைக் கடந்த இராகுல ஸ்ரீபத்திரர் என்னும் ஆசிரியர் எழுபது மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தார். ஜயதேவர் என்னும் இல்லறத்துப் பிராமணர் ஒருவர் அவர்களுக்கு ஆதரவளித்து வந்தார். தர்மசுவாமி கற்க வந்தது இலக்கணம்.

ஒரு நாள் அந்த ஜயதேவர் ஓதந்தபுரியிலே சிறைப்பட்டார். சிறையிலிருந்தபடியே, படைவீரர் வருகின்றனர், ஆசிரியரும் மாணாக்கரும் தப்பியோடுக என்று செய்தி அனுப்பினார். மாணாக்கர் ஓடினர். கிழவரால் ஓட இயலாது. நீயும் போ என்று அவர் தர்மசுவாமியிடம் சொன்னார். தர்மசுவாமி மறுத்தார். ஆசிரியரைத் தம் முதுகிலே சுமந்துகொண்டு, கொஞ்சம் அரிசியும் சர்க்கரையும் சில நூல்களும் எடுத்துக்கொண்டு, தென்மேற்கே இருந்த ஞானநாதர் கோயிலுக்குச் சென்று ஒளிந்தார். முந்நூறு வீரர் நாலந்தாவுக்கு வந்து தேடினர். எவரும் அகப்படாமையால் திரும்பிப் போயினர். அதன் பின்னர் இருவரும் மீண்டும் விகாரைக்கு வந்தனர். நின்றுபோன இலக்கணப் பாடம் தொடர்ந்தது.